பிரசாவுரிமையும் மருந்துப் போத்தலும்

நம் நாட்டில் வைத்தியம் இலவசம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த இலவச வைத்தியம் மலையகத் தோட்டங்களை எவ்வளவு தாமதித்துச் சென்றடைந்தது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. அதனால் ஆஸ்பத்திரிக் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். விடயம் அவ்வளவு நேரடியானதல்ல. அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் யாரும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. வைத்தியசாலைதான் தோட்டத்துக்கு அருகில் இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. கூலிகள் சாகாமல் வேலை செய்ய வேண்டுமே! அந்த ஏற்பாடு சுதந்திரத்தின் பின்பும் தொடர்ந்தது. கிராமத்தவருக்கு அரசாங்க டொக்டர். லயத்தில் இருந்தவருக்குத் தோட்ட டிஸ்பென்சரியும் ஒரு மருந்துப் போத்தலும். கடும் நோயென்றால் லொறி கிடைக்க வேண்டும், துரை மனம் வைக்க வேண்டும், ஒரு நாள் சம்பளமும் போகும்.

இங்கேதான் பிரசாவுரிமையின் பங்கைக் கவனியுங்கள். வாக்கு இருந்தால், ஆஸ்பத்திரி கட்டித் தாருங்கள் என்று பிரதிநிதியிடம் கேட்கலாம். வாக்கில்லாதவரை எவர் தேடி வருவார்? 1947இல் மலையகத் தொகுதிகளில் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் வென்றனர். அதன்பின் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் வெல்லும்வரை முப்பது வருடங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில், 1973–74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. 1974இல் அங்கு சிசு மரண விகிதம் தேசிய விகிதத்தைவிட இரு மடங்குக்கும் அதிகமாயிருந்தது. அரிசியும் மாவும் குறைந்தபோது, வீட்டில் நெல்லோ தோட்டமோ இல்லாதவர்கள் முதலில் விழுந்தார்கள்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே குடும்பத்தில் சிலரை இந்தியாவுக்கும் சிலரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஆயினும் பத்திரம் வந்த நாளிலேயே பாதை வந்துவிடவில்லை. மொழியும் அப்படித்தான். சிங்களம் மட்டுமே தெரிந்த தாதியிடம் ஒரு தாய் தன் வலியை எப்படி விளக்குவாள்? வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், சாப்பிட்ட பின்பா முன்பா என்பதை எந்தச் சைகையால் சொல்வாள்?