தேடல் பக்கத்தில் தெரியும் எண்ணை நம்பலாமா?

பட்டா, சாதிச் சான்று, மின் கட்டணம் என எது வேணும்னாலும் இப்போ கைபேசியிலேயே தேடுறோம். இணையதளத்தின் மேலே பூதக்கண்ணாடி படத்தோடு இருப்பதுதான் தேடல் பெட்டி. அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, ஒரு மோசடியில் சிக்காமல் தப்பிக்கலாம்.

என்ன நடக்கிறது?

பெட்டியில் "பட்டா" என்று தட்டினால், பல தளங்களில் அந்தச் சொல் இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் (?) பிறகு சேர்ந்துகொள்ளும். பக்கத்திலும் "பட்டா: தேடல் முடிவுகள்" என்று அதே சொல் பெரிய எழுத்தில் வரும்.

மோசடிக்காரர் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். "பட்டா" இருக்கும் இடத்தில் "உதவிக்கு இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு கைபேசி எண்ணோடு எழுதி, அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், விளம்பரமாகவும் போடுவார். நீங்க திறப்பது உண்மையான தளம்தான். பூட்டுச் சின்னமும் இருக்கும். எண் மட்டும் அவருடையது! 2025இல் உலகின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் தளங்களிலேயே இந்த வேலை நடந்தது.

நீங்க செய்ய வேண்டியவை

1. முகவரியைத் தொட்டு முழுசா பாருங்க. தமிழில் தேடினால் அங்கே % குறிகள் வருவது இயல்பு. நீங்க தட்டாத சொல்லோ எண்ணோ இருந்தால் உடனே வெளியே வந்துடுங்க.
2. தேடல் பக்கத்தில் தெரியும் எண்ணை அழைக்காதீங்க. தளத்தின் முகப்புக்குப் போய், "தொடர்புக்கு" பக்கத்தில் உள்ள எண்ணை எடுங்க.
3. ஓடிபி, யுபிஐ பின் யார் கேட்டாலும் சொல்லாதீங்க.
4. பணம் போயிட்டா, தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்க. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண்.

தளம் உருவாக்கும் மாணவர்களுக்கு

உங்க ஊர் நூலகத்துக்கோ சுயஉதவிக் குழுவுக்கோ தளம் செய்றீங்களா? பயனர் தட்டியதை அப்படியே பக்கத்தில் போடாதீங்க. < > போன்ற குறிகள் நிரலாக இயங்காமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுங்க. இல்லையென்றால் அந்த வழியாக வேறொருவரின் நிரல் உள்ளே நுழையும். ஆனால் இது மட்டும் போலி எண்ணைத் தடுக்காது. அதனால் தேடும் சொல்லுக்கு நீள வரம்பு வையுங்க. முடிவு இல்லாதபோது தட்டிய சொல்லைத் திரும்பக் காட்டாமல், "எதுவும் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்க.

தேடல் முடிவுப் பக்கங்களுக்கு "நோஇண்டெக்ஸ்" குறிப்பு கொடுத்தால், அவை கூகுளில் வராது. அதே சமயம் ஒவ்வொரு சேவைக்கும் நிலையான முகவரி, தெளிவான தமிழ்த் தலைப்பு, தளவரைபடத்தில் ஓர் இடம் கொடுங்க. அப்போது தேடி வருபவர் போலிப் பக்கத்தில் விழாமல் நேராகச் சரியான பக்கத்துக்கே வந்து சேருவார்.