கடற்காற்றும் திறன் மாற்றியும்

காற்று ஒரே வேகத்தில் வீசுவதன்று. மின்வலையோ ஒரே ஒழுங்கில் இயங்குவது. ஐரோப்பிய நாடுகளில் அதன் அதிர்வெண் நொடிக்கு 50. மாறும் காற்றையும் மாறா மின்வலையையும் இணைத்து வைக்கும் கருவியே திறன் மாற்றி எனப்படும். அது மாறுதிசை மின்னோட்டத்தை முதற்கண் நேர்திசை மின்னோட்டமாக்கிப் பின்னர் மின்வலைக்கு ஏற்ற மாறுதிசை மின்னோட்டமாக்கித் தரும்.

இதனை அமைக்கும் முறைகளுள் இரண்டு பெருவழக்கின. ஒன்று பகுதி மாற்று முறை. இதில் மின்னாக்கியின் நிலைத்த பகுதி நேரே வலையோடு இணையும். சுழலும் பகுதியின் மின்சாரம் மட்டுமே மாற்றியின் வழிச் செல்லும். அஃது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆதலின் மாற்றி சிறிது, விலையும் குறைவு, வீணாகும் ஆற்றலும் குறைவு. மற்றொன்று முழு மாற்று முறை. இதில் மின்சாரம் முழுவதும் மாற்றியினூடே செல்லும். ஆதலின் மாற்றி பெரிது. செலவும் இழப்பும் மிகுதி.

இவ்வளவே அறிந்தோர் முதல் முறையே சிறந்ததென்பர். கடலின் இயல்பறிந்தோர் அவ்வாறு விரைந்து கூறார். முதல் முறைக்கு வேகத்தைப் பெருக்கும் பற்சக்கரப் பெட்டி வேண்டும். சுழலும் வளையங்களில் உராயும் கரித்தூரிகைகளும் வேண்டும். தூரிகைகள் தேயும், அவற்றை மாற்ற ஆள் செல்லல் வேண்டும். அலை உயர்ந்த நாளில் படகு காற்றாலையை அணுகவியலாது. காற்று மிகுந்து வீசும் அந்நாளிலேயே பழுதுற்ற காற்றாலை வாளா நிற்கும்.

டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடற்பகுதியில் 2002ஆம் ஆண்டு 80 காற்றாலைகள் பகுதி மாற்று முறையில் நிறுவப்பட்டன. 2004இல் மின்மாற்றி, மின்னாக்கி ஆகியவற்றின் பழுது நீக்க, அவற்றின் தலைப்பகுதிகளைக் கரைக்குக் கொணர நேர்ந்தது. பழுது திறன் மாற்றியினதன்று. எனினும், கடலில் பழுது நீக்குதல் எத்துணை அரிது என்பதை உலகம் உணர்ந்தது.

முழு மாற்று முறையில் அத்தகைய தூரிகைகள் வேண்டா. பற்சக்கரப் பெட்டியையும் தவிர்க்கலாம். வலையில் மின்னழுத்தம் திடீரெனத் தாழினும் மின்னாக்கி பெரிதும் தாக்குறாது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் கரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஹார்ன்சீ ஒன்று என்னும் நிலையத்தின் 174 காற்றாலைகளும் பற்சக்கரப் பெட்டியின்றி இம்முறையில் இயங்குவனவே.

எனினும், இம்முறையும் குறையற்றதன்று. ஈரம் புகின் மாற்றியும் பழுதுறும். ஆகவே, அறிஞர் அதனை ஈரம் அணுகாது காப்பர். ஒரே பெரு மாற்றிக்கு ஈடாகப் பல சிறு மாற்றிகளை இணையாக அமைப்பர். ஒன்று கெடினும் ஏனையவை ஒரு பகுதிச் சுமையைத் தாங்கும்.

வாங்கும் நாளின் விலை ஒரு நாட் செலவு; பேணும் செலவோ வாழ்நாட் செலவு. இரண்டையும் சீர்தூக்கி, இடமும் அறிந்து தெரிதலே அறிவுடைமையாகும்.