அருகிவரும் ஊர்க்கோழிகளும் அடைமுட்டைப் பரிமாற்றமும்

இலங்கைக் கிராமங்களின் முற்றங்களில் வளரும் ஊர்க்கோழிகள் யாவும் ஒரே வகையின அல்ல. கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழி, இறகுகள் வெளிநோக்கிச் சுருண்ட சுருட்டையிறகுக் கோழி, தலையில் இறகுக்கொண்டை உடைய கோழி, நெடுங்காற் கோழி எனப் பல வகைகள் அவற்றுள் உள. முட்டைக்கும் இறைச்சிக்குமென விருத்தி செய்யப்பட்ட கலப்பினங்கள் பரவிய பின்னர், இவ்வகைகளுட் சில ஓர் ஊரில் ஓரிரு வீடுகளில் மாத்திரமே எஞ்சி நிற்பதுண்டு.

ஒரே முற்றத்தில் எஞ்சி நிற்கும் வகைக்கு ஆபத்து அதிகம். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தினுள் ரணிகெற் நோய் புகுமாயின், பல ஆண்டுகள் பேணிய கோழிகள் சில நாட்களில் மடிந்துவிடலாம். அதே வகை அயலூரில் இன்னொருவரிடம் இருக்குமாயின் மீண்டும் தொடங்க இயலும். ஆகையால் அடைவைக்கும் முட்டைகளைப் பிறருக்குக் கொடுத்தல் தயவு மாத்திரமன்று; கொடுப்பவருக்கே அது ஒரு காப்பாகும். ஆயினும் முட்டை பொரியாதவிடத்தும், பொரித்த குஞ்சு எதிர்பார்த்த உருவில் இராதவிடத்தும், இரு வீட்டாருக்குமிடையே மனத்தாங்கல் உண்டாகிப் பரிமாற்றமே நின்றுவிடுகின்றது.

குஞ்சின் உருவம்

மொட்டைக்கழுத்துக் கோழிகளுள் இருவகை உண்டு. கழுத்தின் முன்புறத்திற் சிறு இறகுக் குஞ்சம் உடையது ஒன்று; கழுத்து ஏறக்குறைய முற்றாக வெறுமையானது மற்றையது. முன்னையது இவ்வியல்பைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றது. பின்னையது இருவரிடமிருந்தும் பெற்றது. குஞ்சமுள்ள சேவலைக் குஞ்சமுள்ள பேடுகளோடு சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று சாதாரண இறகுக் கழுத்துடன் பிறக்கும். சாதாரணப் பேடுகளோடு சேர்த்தாற் பாதிக் குஞ்சுகள் அவ்வாறிருக்கும். வேறு கோழியின் முட்டையைத் தந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு இது காரணமாவதுண்டு. அது நியாயமன்று. எனினும், தம்மிடமுள்ள கோழிகளுக்குக் குஞ்சம் உண்டா இல்லையா என்பதை முன்னரே கூறுவது கொடுப்பவரின் கடமை. பத்து முட்டைகளில் ஏழே பொரிக்குமிடத்து மேற்கூறிய விகிதம் அப்படியே அமையும் என எதிர்பார்த்தலும் ஆகாது.

சுருட்டையிறகுக் கோழியில் இன்னும் எச்சரிக்கை தேவை. சுருட்டைச் சேவலையும் சுருட்டைப் பேட்டையும் சேர்த்தால், நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் மிகைச் சுருட்டையாகும். அவற்றின் இறகுகள் எளிதில் முறிந்து உடல் வெறுமையாகிவிடுமாதலின், மழையையும் குளிரையும் தாங்கா. ஒருபுறம் சாதாரண இறகுக் கோழியாயிருப்பின் இத்தீங்கு நேராது. பாதிக் குஞ்சுகள் நல்ல சுருட்டையாகவே பிறக்கும்.

முட்டையின் வயதும் வெப்பமும்

கருக்கட்டிய முட்டை இடப்படும்பொழுதே அதனுள் முளையம் வளரத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ 21 பாகை சதமத்திற்குக் கீழ் அது உறங்கிக் கிடக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களில் வீட்டறையின் வெப்பம் பெரும்பாலும் 27 பாகைக்கு மேலாகும். அவ்வெப்பத்தில் முளையம் உறங்குவதுமில்லை, ஒழுங்காக வளர்வதுமில்லை. நாளுக்கு நாள் வலுவிழக்கும். 15 முதல் 18 பாகையில் ஏழு நாட்கள் பழுதின்றி இருக்கும் முட்டையை, வெப்பமான அறையில் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் வைத்தல் தகாது. குளிர்ப்பெட்டியின் கடுங்குளிரும் முளையத்துக்கு உகந்ததன்று. ஈரமணல் மீது வைத்து மெல்லிய துணியால் மூடிய மண்பானை நல்ல ஏற்பாடாகும். முட்டையில் ஈரம் படாதிருத்தல் வேண்டும்.

பேடு தன் கூட்டிலே பத்துப் பதினைந்து நாட்கள் சேர்த்த முட்டைகளையும் பொரிக்கின்றதே எனச் சிலர் கேட்பர். பேடு நாடோறும் முட்டையிட வந்தமரும் சிறிது நேரச் சூடு அம்முளையங்களுக்கு உதவுகின்றது. மேசையிற் கிடக்கும் முட்டைக்கு அச்சூடு இல்லை.

அழுக்கான முட்டையைக் கழுவிக் கொடுத்தலாகாது. கோதின் மேலுள்ள மெல்லிய காப்புப்படை நீங்கி, நுண்டுளைகள் வழியே கிருமிகள் உட்புகும். சுத்தமான முட்டைகளையே தெரிதல் வேண்டும்.

கொண்டுசெல்லல்

உமி நிரப்பிய கடகத்தில், அகன்ற முனை மேனோக்க முட்டைகளை ஒன்றோடொன்று முட்டாதவாறு புதைத்து வைத்தல் வேண்டும். பஸ் வண்டியிற் செல்வோர் கடகத்தைத் தரையில் வையாது மடியில் வைத்துக்கொள்வது நன்று. குலுங்கிய முட்டையில் அகன்ற முனையிலுள்ள வளியறை நிலை தளர்ந்திருக்கும். ஆதலால் வந்தவுடன் அடைவையாது, அகன்ற முனை மேலாக 24 மணிநேரம் அசையாது வைத்தபின், மாலையில் அடைக்கோழியின் கீழ் வைத்தல் வேண்டும். சிறிய ஊர்க்கோழிக்குப் பத்து முட்டைகள் போதும்.

பொரியாத முட்டையைச் சோதித்தல்

ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியிற் பார்த்தால், வளரும் முட்டையிற் கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைவிடும் இரத்த நரம்புகளும் தோன்றும். இரத்த வளையம் மாத்திரம் காணப்படின், முளையம் முதற் சில நாட்களில் இறந்தது என்பது பொருள். வெப்பத்தில் நெடுநாள் வைத்தமை, வழியிற் குலுங்கியமை, அடைக்கோழி எழுந்து சென்றமை ஆகியவை காரணமாகலாம். தெளிவாகவே இருக்கும் முட்டைகள் பெரும்பாலும் கருக்கட்டாதவை. சேவல் முதியதோ, பேடுகள் மிகுதியோ என ஆராய்தல் வேண்டும். குஞ்சு முழுதாய் உருவாகி இறுதி நாட்களில் இறந்திருப்பின், தாய்க்கோழிகளின் தீனும் அடைவைத்த முறையுமே முதலில் ஆராயத்தக்கன.

கொடுப்பவர் அதே நாட்களிற் சேர்த்த முட்டைகளில் மூன்று நான்கைத் தம் வீட்டிலும் அடைவைத்துப் பார்ப்பது மிக நல்ல வழக்கம். அங்கே பொரித்து இங்கே பொரியாதாயின், பிழை முட்டையிலன்று, வழியிலோ அடைவைத்த முறையிலோ எனத் தெரிந்துவிடும்.

புல்லோரம் நோய் தாய்க்கோழியின் முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குச் செல்வதாகையால், குஞ்சுகள் காரணமின்றி இறக்கும் கூட்டத்திலிருந்து முட்டை கொடுத்தலும் பெறுதலும் ஆகா. இரத்தப் பரிசோதனை பற்றிப் பிரதேச கால்நடை வைத்திய அதிகாரியிடம் அறிந்து கொள்ளலாம்.

சேவல்கள்

ஒரு சேவலும் பத்துப் பேடுகளும் உள்ள கூட்டம், பரம்பரைக் கணக்கில் நான்கு கோழிகளுக்கும் குறைவான கூட்டத்துக்கே சமமாகும். நான்கு சேவல்களும் இருபது பேடுகளும் இருப்பின் அது பதின்மூன்றுக்குச் சமம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருகினால் முட்டைகள் பொரிக்கும் தொகை குறையும், குஞ்சுகளும் வலுவிழக்கும். ஒரே வீட்டில் நான்கு சேவல்களை வைத்தல் இயலாத காரியம். சேவல்கள் ஒன்றையொன்று கொத்தும், தீனும் வீணாகும். நான்கு வீட்டார் ஆளுக்கொரு சேவலை வைத்து முட்டைகளை மாற்றிக்கொள்வது எளிது. புதிய சேவலை விட்டபின், பழைய சேவலின் குஞ்சுகள் கலவாதிருக்க மூன்று வாரங்கள் கழித்தே முட்டை சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியையும் சேவலின் அடையாளத்தையும் பென்சிலால் எழுதிக் கொடுக்க.