குளிர் கொட்டினால் பனியும் கொட்டுமா?

அரையாண்டு விடுமுறைக்குக் காஷ்மீர் டூர் போடுகிறவர்களிடம் குல்மார்க்கைப் பற்றிச் சில அசையாத நம்பிக்கைகள் உண்டு. டூர் ஏஜென்ட்டுகள் அவற்றைத் திருத்துவதில்லை. திருத்தினால் டிசம்பர் டிக்கெட் எப்படி விற்கும்?

நம்பிக்கை: கடுங்குளிர் வந்துவிட்டால் பனி தானாகப் பெய்யும்.

உண்மை: குளிர் மட்டும் போதாது, காற்றில் ஈரம் வேண்டும். குல்மார்க்குக்கு அதைக் கொண்டுவருபவை மேற்கத்திய இடையூறுகள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே கிழக்கே நகரும் இவை, பீர் பாஞ்சால் மலையில் முட்டி மேலேறும்போது ஈரம் குளிர்ந்து பனியாக இறங்குகிறது. இவை வராத நாட்களில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இரவில் தரையின் வெப்பம் வெளியேறாமல் தடுக்க மேகம் இல்லை. ஆகவே குளிர் இன்னும் ஏறும், பனியோ ஒரு துளியும் விழாது. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் இதே கணக்கில்தான்: உறைபனி உண்டு, பனிப்பொழிவு இல்லை. குல்மார்க்கில் மேகம் கவிந்து இரவு சற்று இதமானால்தான் பனிச்சறுக்குக்காரர்கள் நம்பிக்கையோடு வானத்தைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: டிசம்பர் கடைசியில் போனால் பனி நிச்சயம்.

உண்மை: டிசம்பர் 21 முதல் 40 நாட்களைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பார்கள்; ஆண்டின் கொடுங்குளிர்க் காலம். ஆனால் 2024 ஜனவரியில், அந்த நாற்பது நாட்களின் நடுவிலேயே, குல்மார்க் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. சறுக்குவதற்கென்றே போகிறவர்களுக்கு டிசம்பரைவிடப் பிப்ரவரி மேல் என்பேன். அதற்குள் பல பொழிவுகள் சேர்ந்து தளம் கெட்டிப்பட்டிருக்கும். அதுவும் உத்தரவாதமல்ல. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

நம்பிக்கை: கீழே பனி இல்லையென்றால் மேலேயும் இருக்காது.

உண்மை: ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறக்கிவிடும். கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறைகிறது என்று வைத்தால், மேலே எட்டு டிகிரி குளிர் அதிகம். ஊரில் தூறல் விழும் நேரத்தில் அங்கே பனி பெய்துகொண்டிருக்கலாம். (வெயிலும் அங்கே கடுமை, பனி ஒளியைத் திருப்பியடிக்கும். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.)

நம்பிக்கை: பனி நின்று வெயில் அடித்தால் ஆபத்து முடிந்தது.

உண்மை: இதுதான் உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. நீண்ட வறட்சியில், தெளிந்த குளிரிரவுகளில், தரையில் கிடக்கும் மெல்லிய பழைய பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக உதிர்ந்துபோகும். அதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்தால் மேலடுக்குக்குப் பிடிமானம் இல்லை. சறுக்குபவரின் எடையே அதை அறுத்துவிடலாம். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாங்களோ உடன் வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். பழுப்பு ஜனவரிக்குப் பிந்திய அந்த 2024 பிப்ரவரியில், பெரும்பனிக்குப் பிறகு குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க் பக்கம் நடந்த சரிவில் வெளிநாட்டுச் சறுக்குவீரர் ஒருவர் இறந்தார்.

அஃபர்வாத்தில் ரோந்துக் குழு கண்காணிப்பது கேபிள் காரை ஒட்டிய பகுதியை மட்டுமே. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டினால் அது காட்டுமலை. காலையில் அவர்கள் மேல்கட்டத்தைத் திறக்கவில்லையென்றால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், டிக்கெட் கவுன்ட்டரில் சண்டை போடாமல் கீழ்க்கட்டத்தில் சறுக்குங்கள்.