பெட்டியின் பின்பக்கம்: படுவான்கரையில் குளிர்பதனம் பற்றிய பட்டறிவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையில் அமைந்திருப்பதால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பகுதியில், களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து செல்வோர் அடையும் பழைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரிலும் போரதீவுப்பற்றின் ஏனைய ஊர்களிலும், வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படுத்துகிறது. தண்ணீர் குளிரவில்லை, மீன் இறுகவில்லை, பால் திரைந்துவிட்டது என்ற முறைப்பாடுகள் எழும்போது, வீட்டார் முதலில் உள்ளேயுள்ள குமிழைக் கூடிய எண்ணுக்குத் திருப்புகின்றனர். அதிலும் பயன் கிட்டாதபோது காஸ் முடிந்துவிட்டது என்று முடிவுசெய்து பழுதுபார்ப்பவரை அழைக்கின்றனர். பெரும்பாலான வேளைகளில் குறை இவ்விரண்டிலும் இல்லை என்பதும், பெட்டி நிற்கும் இடத்திலும் அதன் பின்பக்கத்திலுமே உள்ளது என்பதும் நீண்டகாலப் பட்டறிவு காட்டும் உண்மையாகும்.

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்கும் கருவி என்ற எண்ணமே இத்தவறுக்கு வேர். உண்மையில் அது வெப்பத்தை இடம்மாற்றும் கருவி மட்டுமே. மூடிய குழாய்களுக்குள் சுற்றும் குளிர்பதன வாயு, உட்புறத் தகட்டில் ஆவியாகும்போது உணவிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது; கொம்பிரசர் எனப்படும் அமுக்கி அதனை நெருக்கிச் சூடேற்றி வெளியே தள்ள, பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ அமைந்த ஒடுக்கிக் குழாயில் அது தன் வெப்பத்தை அறைக் காற்றிடம் ஒப்படைத்து மீண்டும் திரவமாகிறது. ஆகவே, உள்ளே எடுக்கப்பட்ட வெப்பம் முழுவதும், அமுக்கி செலவிட்ட மின்னாற்றலும் சேர்ந்து, அறைக்குள்தான் கொட்டப்படுகிறது. அறைக் காற்று அதனை வாங்கிக்கொண்டு அகலாவிடில், குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் உள்ளே குளிர் பிறப்பதற்கு வழியில்லை. சுற்று மூடியதாகையால், அடுப்பில் எரியும் காஸைப்போல் இவ்வாயு செலவாகி முடிவதும் இல்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பிப் பணம் பெறும் வேலை சில மாதங்களுக்கு மேல் நிலைப்பதில்லை.

பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன்னர் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து, மேசை மின்விசிறி ஒன்றைப் பின்பக்கக் குழாய்களை நோக்கி ஓடவிட்டு, கதவை இயன்றவரை திறக்காமல் ஐந்தாறு மணிநேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உட்புறம் தெளிவாகக் குளிர்ந்தால் குறை காற்றோட்டத்தில் உள்ளது. மாற்றமே இல்லையெனில் கசிவையோ அமுக்கியின் தளர்ச்சியையோ ஐயுறலாம். செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் வாயு நிரப்புவதற்குப் பணம் கொடுப்பது வீண் என்றே கூறவேண்டும்.

படுவான்கரை வீடுகளின் அமைப்பு இவ்விடயத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ வேய்ந்த அறை, நண்பகலில் வெளிநிழலைவிடவும் சூடாகிறது; பிற்பகல் வெயிலைத் தாங்கும் மேற்குச் சுவரோ இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. அச்சுவரில் முதுகை ஒட்டி, விறகடுப்பின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் மூலையில் பெட்டியை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. கிழக்கு அல்லது வடக்குச் சுவரோரம், கூரைக்குக் கீழே தட்டி அடிக்கப்பட்ட அறையில், பின்னால் ஒரு சாணும் பக்கங்களில் நான்கு விரலும் இடைவெளி விட்டு, மேற்பகுதியில் பெட்டிகளையும் துணிகளையும் அடுக்காது நிறுத்தினால், அதே பெட்டி குறைந்த மின்சாரத்தில் கூடிய குளிரைத் தருகிறது. பின்புறக் குழாய்கள் வெளியே தெரியாத புதிய வகைகளில் ஒடுக்கி பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருப்பதால், அவற்றின் பக்கங்கள் சுடுவது பழுது அன்று; அச்சூடு வெளியேற இடம் விடாமையே பழுதுக்கு வழி.

அறுவடைக் காலத்தில் நெல் தூற்றும் தூசும் உமித்துகளும் வீட்டினுள் புகுந்து, சமையல் பிசுக்கோடு கலந்து, ஒடுக்கிக் குழாய்களின் மேல் கம்பளம்போல் படிகின்றன. மின்னிணைப்பை நீக்கிய பின்னர் மென்மையான தூரிகையால் அதனைத் துடைப்பதற்குக் கால்மணி நேரம் போதும். ஒவ்வொரு போகம் முடிந்ததும் இதனைச் செய்வது நல்ல வழக்கம். வாவிக்கரையில் உப்புக்காற்று இருப்பதால் ஈரத்துணி பயன்படுத்துவோர் உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். இல்லையேல் மெல்லிய குழாய்களில் கறள் பிடித்து, நாளடைவில் உண்மையான கசிவே ஏற்பட்டுவிடும்.

பெட்டி வாங்கும்போதே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றைப் பலர் அறிவதில்லை. உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டில், அப்பெட்டி எத்தகைய அறைவெப்பத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் காலநிலை வகுப்பு அச்சிடப்பட்டிருக்கும். ‘என்’ வகுப்பு 16 முதல் 32 பாகை செல்சியஸ் வரையிலும், ‘எஸ்டி’ 38 பாகை வரையிலும், ‘டி’ 43 பாகை வரையிலும் வேலைசெய்ய உத்தரவாதம் உடையவை. கச்சான் காலத்து நண்பகலில் மட்டக்களப்பின் நிழல்வெப்பமே 32 பாகையைத் தாண்டுவது இயல்பு என்பதால், குளிர்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட ‘என்’ வகுப்புப் பழைய பெட்டியை மலிவு கருதி வாங்கியவர், எத்துணை முயன்றும் நிறைவு காண்பது அரிது. பழுகாமத்துக்கு ஏற்றது ‘டி’ வகுப்பே.

பின்பக்கத்துக்கு உரிய இம்முதன்மை, வெளிநாடுகளில் வாகனத்தால் இழுத்துச் செல்லப்படும் கரவன் என்னும் வீட்டுவண்டிகளில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அவற்றுள் பலவற்றில் பொருத்தப்படுவது அமுக்கி இல்லாத உறிஞ்சல் வகைப் பெட்டி. சுவீடன் நாட்டு மாணவர்களான பல்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் 1922 இல் வகுத்த அம்முறையில், அம்மோனியா, நீர், ஐதரசன் மூன்றும் அசையும் உறுப்பு எதுவுமின்றிக் குழாய்களுக்குள் சுற்றுகின்றன. சிறு சுடர் ஒன்றின் வெப்பம் அம்மோனியாவை நீரிலிருந்து பிரித்து மேலெழுப்ப, அது குளிர்ந்து திரவமாகி, ஐதரசன் சூழலில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சி, பின்னர் மீண்டும் நீரில் கரைகிறது. மின்சாரம் எட்டாத ஊர்களின் மருந்தகங்களில் தடுப்பூசிகளைக் காத்த மண்ணெண்ணெய்ப் பெட்டிகளும் இவ்வகையினவே. திரவம் புவியீர்ப்பால் மட்டுமே கீழிறங்கினாலும், வண்டி ஓடும்போது ஏற்படும் ஆட்டம் பெருந்தீங்கு செய்வதில்லை. நிறுத்திய இடம் மூன்று நான்கு பாகை சரிந்திருந்து பல மணிநேரம் அவ்வாறே விடப்பட்டால்தான், திரவம் ஓரிடத்தில் தேங்கி, குழாய் மிகையாகச் சூடேறி, உள்ளே படிவு அடைத்து, பெட்டி மீளாப் பழுதடைகிறது. கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ விடுமுறைக்கு வீட்டுவண்டி எடுக்கும் உறவினர், நிறுத்தும் இடத்தை இரசமட்டத்தால் சரிபார்ப்பதும், குளிர்பெட்டி உள்ள பக்கத்தை மாலை வெயிலுக்குக் காட்டாது நிறுத்துவதும், கீழ்த்துளையால் புகுந்து மேல்துளையால் வெளியேறும் காற்று குழாய்களைத் தழுவிச் செல்லும்படி இடையிலுள்ள வெற்றிடத்தைத் தகட்டால் குறுக்குவதும், மேலே சிறு மின்விசிறி பொருத்துவதும் பயனுள்ளவை. புறப்படுவதற்கு முந்திய நாளே பெட்டியை இயக்கி, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் ஏற்றுவது, இவை அனைத்திலும் எளியதும் மிகுபயன் தருவதும் ஆகும்.

படுவான்கரையில் நகரும் குளிர்பெட்டி என்பது மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய றெஜிபோம் மீன்பெட்டியும், திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பு, மண்டூர் முருகன் திருவிழா, கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம் முதலிய கூட்டங்களை நாடிவரும் ஐஸ்கிறீம் வண்டியுமே. மீன்பெட்டியில் இயந்திரம் இல்லை; வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வேலையை ஐஸ்கட்டியே செய்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் 334 கிலோயூல். அதே அளவு நீரை 80 பாகையிலிருந்து உறைநிலை வரை குளிர்விக்க எடுக்கவேண்டிய வெப்பத்துக்கு இது சமமாகும். இத்துணைப் பெருஞ்செல்வத்தை வெயிலுக்கும் காற்றுக்கும் பறிகொடுக்காது மீனிடமிருந்து மட்டும் வெப்பத்தை வாங்கச் செய்வதே வணிகரின் திறன். அதற்கு, ஐஸைத் தூளாக்கி அடியில் ஒரு படையும், மீனுக்கு இடையிடையே படையுமாக, மீனின் நிறைக்கு ஏறக்குறைய ஈடாக இட வேண்டும். வெற்றிடம் இருந்தால் மூடி திறக்குந்தோறும் சூடான காற்று அதனை நிரப்பும் என்பதால், விற்று ஒழிந்த இடத்தை மடித்த சாக்கால் அடைப்பது நன்று. உருகிய நீர் மீனை ஊறவைத்துச் சுவையைக் கெடுப்பதால் அடியில் சிறு வடிதுளை தேவை.

பெட்டிச் சுவரின் தடிப்பும் இங்கு முதன்மை பெறுகிறது. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் 1833 இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பின்னர் சென்னைக்கு அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்த கட்டடமே ஐஸ்ஹவுஸ் எனப் பெயர்பெற்று இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மாதக்கணக்கான வெப்பமண்டலப் பயணத்தை அக்கட்டிகள் தாண்டியதற்குக் காரணம் துகள்களுக்கு இடையே சிறைப்பட்ட அசையாக் காற்றே. நெல்லூரான பழுகாமத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. நன்கு உலர்ந்த உமியை நெகிழிப் பையில் அடைத்து, மீன்பெட்டிக்கும் அதனைச் சுற்றிய மரச்சட்டத்துக்கும் இடையில் இட்டால், விலையின்றிக் கிடைக்கும் காப்பாக அது அமையும். ஈரம் பட்ட உமி இப்பயனை இழந்துவிடும் என்பதால் பையை இறுகக் கட்டுவது கட்டாயம்.

மூடியின் மேல் நனைந்த சாக்கு விரிக்கும் பழக்கம் அறிவுக்கு முற்றிலும் பொருந்தியது. நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இது ஐஸ் உருகும் அளவின் ஏழு மடங்கு. ஆயினும், காற்று வறண்டிருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும் என்பதால், கச்சானில் பெரும்பயன் தரும் அச்சாக்கு, மாரியில் ஈரம் சுமந்து வரும் வாடைக்காற்றில் அத்துணை உதவாது. அப்பருவத்தில் ஐஸைக் கூட்டுவதே வழி.

வீட்டுப் பெட்டிக்கு மீண்டால், உறைதகட்டில் படியும் பனிப்படலம் குளிரின் அடையாளம் எனப் பலர் மகிழ்வதைக் காணலாம். அரை விரல் தடிப்பைத் தாண்டிய பனி, தகட்டுக்கும் உணவுக்கும் இடையே போர்த்திய கம்பளியாகவே வேலைசெய்கிறது. அதைக் கத்தியால் கொத்தியவர் தகட்டைத் துளைத்துப் பெட்டியையே இழப்பதும் உண்டு. மின்னிணைப்பை நீக்கி, சுடுநீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து, தானாக உருகவிடுவதே முறை. பனி விரைந்து சேர்வதற்குப் பெரும்பாலும் கதவின் இறப்பர் விளிம்பு இறுக்கம் இழந்தமையே காரணம். தாள் ஒன்றை இடையில் வைத்துக் கதவை மூடி இழுக்கும்போது தடையின்றி வந்துவிட்டால், விளிம்பைச் சோப்புநீரால் கழுவியும், வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி மென்மையாக்கியும் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் இறுகாவிடில் மாற்ற வேண்டும்.

மின்னழுத்தம் மற்றொரு தொல்லை. 230 வோல்ட் வரவேண்டிய மின்சாரம், மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில் மாலை வேளையில் தாழும்போது, அமுக்கி சுழல இயலாமல் முனகி நின்றுவிடுகிறது. அழுத்த நிலைப்படுத்தி பொருத்துவது அங்கு செலவன்று, காப்பு. மின்சாரம் போய் உடனே மீண்டால், குழாய்களின் இருபுற அழுத்தமும் சமனாகும் வரை ஐந்து நிமிடம் பொறுத்தே இயக்க வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த குளிர்சாதனத்தையும், அமுக்கியின் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கும் வரை சில மணிநேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே இணைக்க வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, உறைபகுதியின் வெற்றிடமெங்கும் நீர்ப்போத்தல்களை உறையவைத்திருந்த வீடுகளில் உணவு கெடாது நின்றமைக்கு, மேலே கூறிய ஐஸின் உருகல் வெப்பமே காரணம்.

இவை அனைத்துக்கும் அளவுகோல் கைவிரல் அன்று, வெப்பமானி. நடுத்தட்டில் நீர் நிரம்பிய குவளை ஒன்றில் அதனை இரவு முழுதும் வைத்து, விடியலில் கதவு திறக்கப்படும் முன்னரே எழுந்து பார்த்தால், 4 பாகையோ அதற்குக் குறைவோ காட்ட வேண்டும். இன்சுலின் ஏற்றும் முதியோர் உள்ள வீடுகளில் இவ்வளவீடு கட்டாயமானது. திறக்கப்படாத இன்சுலினுக்கு உரிய வெப்பநிலை 2 முதல் 8 பாகை. ஆகவே அதை உறைதகட்டுக்கு அருகிலும் வைக்கலாகாது, அடிக்கடி திறக்கும் கதவின் தட்டிலும் வைக்கலாகாது, நடுத்தட்டில் சிறு டப்பாவுக்குள் வைப்பதே தக்கது. கச்சான் வெக்கையைத் தணிக்கக் குமிழை உச்ச எண்ணுக்குத் திருப்பிய வீட்டில், அம்மருந்து இரவில் உறைந்து, பகலில் உருகி, கண்ணுக்கு முன்போலவே தோன்றக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் மருந்தாகப் பயன்படாது. அதனை வீசிவிட வேண்டும்.