மெய்போல் ஒரு பொய் உலகம்



கம்ப்யூட்டர் கேம் என்றாலே, "படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். ஆனால் தொழில் கற்றுத்தரும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் வரும் மெய்நிகர் உலகம் எப்படி இருந்தால் நம்பிப் பழகலாம்? சற்றே பார்ப்போம்.

படமே இல்லாத பயிற்சி

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே 1929-ல் லிங்க் ஒரு விமானப் பயிற்சிக் கருவியைச் செய்தார். மூடியைப் போட்டுவிட்டால் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. எதிரே மீட்டர்கள் மட்டும்தான். கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். மீட்டர் முள்ளும் அதற்கேற்ப நகரும்.

1934-ல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் விபத்துக்குள்ளாகி இறந்தனர். அதன் பிறகே ராணுவம் இக்கருவிகளில் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் இதில் பழகினர்.

இதிலிருந்து தெரிவது என்ன? நம்பிக்கை படத்தின் அழகில் இல்லை. 'இப்படிச் செய்தால் இப்படி ஆகும்' என்ற விதியில் இருக்கிறது.

நம் லேத்தையே எடுத்துக்கொள்வோம்

1. உருவம்: திரையில் தெரியும் பொருளெல்லாம் சிறுசிறு முக்கோணங்களால் ஆனவை. முக்கோணம் கூடினால் அழகு கூடும். ஆனால் சாதாரண கம்ப்யூட்டர் திணறும். நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படம் வரைய சுமார் 16 மில்லி செகண்டுதான் கிடைக்கும். ஆகவே கைபடும் சக், டூல் போஸ்ட், டெயில் ஸ்டாக் இவற்றை அளவு பிசகாமல் செய்ய வேண்டும். சுவருக்கு ஒரு போட்டோவை ஒட்டினால் போதும்.

2. விதி: வெட்டுவேகம் = 3.14 × விட்டம் × சுற்று ÷ 1000. 50 மி.மீ. மைல்டு ஸ்டீல் தண்டு நிமிடத்துக்கு 190 சுற்று சுற்றினால், வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு இது சரி. 760 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் 119 மீட்டர் ஆகிவிடும்; டூல் முனை சூடேறி மழுங்கும். விளையாட்டிலும் மழுங்கணும்!

3. விளைவு: சக் கீயை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால் அது பறக்கும். திரையிலும் பறக்க வேண்டும். பறக்காவிட்டால், அந்த விளையாட்டு நமக்குத் தப்புப் பாடம் நடத்துகிறது என்றே அர்த்தம்.

டூல் இரும்பில் ஏறும்போது கைக்குத் தெரியும் அதிர்வு திரையில் வராது. எனவே இது ஒர்க்ஷாப்புக்கு மாற்று அல்ல, முன்பயிற்சி மட்டுமே.

நம்மால் முடியுமா?

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். லேத் என்ற பேரையே இங்கு வந்துதான் கேட்டேன். என்னைப் போன்றவர்கள் இங்கு நிறைய. ஒரு மெஷினைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கும்போது கேட்கக் கூச்சம், தொடப் பயம். விரலுக்கு ஆபத்தில்லாமல் நூறு தடவை தப்பு செய்து பார்க்க நமக்கு ஓர் இடம் வேண்டும்.

பிளெண்டர், கோடாட் போன்ற மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே! புரோகிராம் நீங்கள் எழுதுங்கள். அளவும் விதியும் மெக்கானிக்கல் பிரிவு நாங்கள் தருகிறோம். சேர்ந்து செய்வோமா?