வால்வைக் கழற்றும் முன்



தம்பி, ஓசூர் நண்பர்களிடம் நீ சுற்றுக்கு விட்ட லீனியர் பழுதுபார்ப்புக் குறிப்பு கைமாறிக் கைமாறி கிருஷ்ணகிரி வரை வந்துவிட்டது. மூன்று 811ஏ, 1700 வோல்ட், கிரவுண்டட் கிரிட். நமக்குள் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய்: கீயை அழுத்தாதபோது 1700, அழுத்தினால் 1150. அடுத்த வரியில், 7 மெகாஹெர்ட்ஸில் உன்னைக் கேட்டவர் சிக்னலில் ஹம் இருப்பதாகச் சொன்னார் என்கிறாய். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரியில் மூன்று வால்வையும் கழற்றிப் புதுசு மாட்டியிருக்கிறாயே, ஏன்? களைத்துப்போன வால்வு கரண்டைக் குறைவாகத்தான் இழுக்கும். அப்படியானால் வோல்டேஜ் விழாமல் மேலே நிற்க வேண்டும். 550 வோல்ட் சரிகிறது, கூடவே ஹம் என்றால் பில்டர் கண்டன்ஸர் பக்கம் போ என்று லீனியரே உன்னிடம் சொல்லிவிட்டது. புது வால்வு போட்டும் அதே 1150 என்று பார்த்த பிறகுதான் அடித்தட்டைத் திறந்திருக்கிறாய்.

எங்கள் காலத்தில் இப்படிச் செய்ய வசதி இல்லை. ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்துகொண்டிருந்த நாட்களிலேயே, அத்திப்பள்ளி தாண்டி பஸ் பிடித்து, எஸ்.பி. ரோட்டில் கடை கடையாய் ஏறி இறங்கினால்தான் நல்ல 807 ஒன்று கிடைக்கும். அதை மாற்றுவதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடுவோம். வறுமை கற்றுக்கொடுத்த ஒழுக்கம் என்று வைத்துக்கொள். இன்று சீன 811ஏ வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது.

இரண்டாவது எரிச்சல் கொஞ்சம் பெரியது. சுவிட்சை அணைத்த பிறகும் ஹெச்.டி. மீட்டர் முள் 300 பக்கம் நின்றது, ‘மீட்டர் பழசு’ என்று எழுதிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தேன் என்கிறாய். தம்பி, அந்த முள் உன்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வரிசையாக நான்கு 200 மைக்ரோபாரட் கண்டன்ஸர், ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம். அணைத்த இரண்டு நிமிடத்துக்குள் முள் தரைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டர் திறந்துபோனால் அதன் கண்டன்ஸருக்கு வடிகால் இல்லை. மற்ற மூன்றும் வடிந்த பிறகும் அது மட்டும் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். ஓடும்போதோ தன் பங்கான 425-க்கு மேல் வாங்கி வாங்கி உப்பிவிடும். நீ கடைசியில் கண்டுபிடித்ததும் அதுதானே! முழு சார்ஜில் அந்த வரிசை 72 ஜூல் வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனை உருகித் தெறித்தது என்று வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய்.

கிருஷ்ணகிரி இன்னும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த காலம். சிப்காட்டில் நான் மெயின்டனன்ஸ் பார்த்த ஆலையில், கியர் பல்லைச் சூடேற்றிக் கடினமாக்க வால்வு வைத்த ஹை பிரீக்வென்சி ஹீட்டர் ஒன்று இருந்தது. பேனல் கதவின் உள்பக்கம் டிஸ்சார்ஜ் ராடு தொங்கும். மாலூர்க்காரர் ஒருவர் போர்மேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து ‘ராடு எல்லி?’ என்று கத்துவார். தொட்டு எடுத்தால் அவருக்குப் போதாது. வேலை முடியும்வரை ராடு டெர்மினலிலேயே மாட்டிக் கிடக்க வேண்டும். வடித்த கண்டன்ஸர் சும்மா விட்டால் தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்பது அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அவரோடு தெலுங்கில் பேசினால் மட்டும் கோபம் தணியும்.

உன் குறிப்பு முழுக்கத் தேடினேன், ஃபிலமெண்ட் வோல்டேஜ் ஓரிடத்திலும் இல்லை. நான் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்பேன் என்று நம் பசங்கள் கேலி செய்வது தெரியும், செய்யட்டும். உன் வீடு சிப்காட் லைனை ஒட்டி இருக்கிறது. வாரநாளில் பட்டறைகள் எல்லாம் ஓடும்போது லைன் குனிந்து கிடக்கும். ஞாயிறு இரவு எல்லாம் நின்றதும் 255 வரை ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். 230-க்கு 6.3 கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் அப்போது ஏறக்குறைய 7 வோல்ட் கொடுக்கும். தோரியம் கலந்த டங்ஸ்டன் இழைக்கு அது ஆயுள் தண்டனை. மறுபக்கம், மூன்று வால்வுக்கும் சேர்த்து 12 ஆம்பியர் ஓடுகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒயரின் இணைப்பில் 0.02 ஓம் தளர்ச்சி இருந்தாலே கால் வோல்ட் போய்விடும். டிரான்ஸ்பார்மரில் அளந்து பயனில்லை, சாக்கெட்டின் 1, 4 பின்களில் அள. செட் அணைந்து, வடிந்து இருக்கும்போதே கிளிப் மாட்டி, மூடியைப் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். ஹெச்.டி.யும் கூடவே வரும் செட் அது.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு ரெசிஸ்டர்தான் போயிருந்தது. நீ நான்கையும் மாற்றியிருக்கிறாய். 425 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 1.8 வாட் தின்கிறது, பழைய 2 வாட் கார்பன் வெந்துதான் போகும் என்று கணக்குப் போட்டு, 5 வாட் வாங்கி, வோல்டேஜ் ரேட்டிங்கையும் பார்த்து, காற்று படும்படி உயர்த்தி வைத்திருக்கிறாய். அந்த செட்டை வடிவமைத்தவர்களுக்கே தோன்றாத அக்கறை. இதை எழுதியவன்தான் முதல் பக்கத்தையும் எழுதினானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கழற்றிய மூன்று வால்வையும் தூக்கிப் போட்டுவிடாதே, அவை நன்றாகவே இருக்கும். ஞாயிறு எடுத்துக்கொண்டு வா, மாட்டிப் பார்த்துவிடலாம். 50 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது. ஃபைபர் குழாயும் ஒரு முழ எர்த் ஒயரும் நீ கொண்டுவந்தால் சாப்பாட்டுக்கு முன்பே ராடு செய்து முடித்துவிடுவோம்.

73.